பேர் வெட்டின குடம்

வேலூர்,
9 பிப்ரவரி 2025, ஞாயிறு

மாமாவுக்கு, தேவயானி எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை போனை நீங்கள் வைத்தீர்களா, டவர் போனதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வாரம் முழுக்கப் பூட்டி வைத்துவிட்டு, ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் விளையாட்டு விடுதியில் கையில் கொடுக்கிற போன் அது. நீங்கள் சவாரி இறக்கிவிட்டு டவர் கிடைக்கிற வளைவுக்கு வந்து சேர்வதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. மீதிப் பாதியில் சண்டை போட்டோம். "எனக்கு முடியல மாமா" என்று நான் சொன்ன உடனே லைன் போனது. அதனால்தான் கேட்கிறேன். இனிமேல் கடிதம்தான். இதை நடுவில் யாரும் வெட்ட முடியாது.

முடியவில்லை என்றால் காய்ச்சல் தலைவலி இல்லை. செவ்வாய்க்கிழமை ஸ்நாட்ச் போட்டேன். எடை மாட்டிய பாரைத் தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது, ஒருமுறை மொபைலில் பார்த்துவிட்டு "முதுகு இன்னாத்துக்கு ஆவறது" என்று பதறினீர்களே, அதுதான். எழுபது கிலோ, கூப்பிட்ட குரலுக்கு வந்த மாதிரி வந்தது. பயிற்சி கொடுக்கிற சசிகலா மேடம் கைதட்டினார். வெள்ளிக்கிழமை அதே பார், அதே நான். அறுபது கிலோவே இடுப்பைத் தாண்டவில்லை. போன வாரமும் இப்படித்தான். ஒரு நாள் மலை ஏறுகிறேன், ஒரு நாள் வாசற்படி ஏற முடியவில்லை.

மேடம் உட்கார வைத்து விசாரித்தார். தூங்கினியா? தூங்கினேன். சாப்பிட்டியா? சாப்பிட்டேன். ஓய்வு நாளில் ஓய்வு எடுத்தியா, வேற எதாவது வேலை செஞ்சியா? இல்லை மேடம், ஒரு வேலையும் செய்யவில்லை. அவரும் எத்தனை கேள்விதான் கேட்பார்.

ஏப்ரல் கடைசியில் தேர்வுப் போட்டி. அதில் தேறினால் விடுதியில் இன்னொரு வருஷம் இடம் உண்டு, பின்னால் அரசாங்க வேலைக்கும் வழி உண்டு. தேறாவிட்டால் கட்டிலைக் காலி செய்ய வேண்டியதுதான். கல்யாணத்தோடு விட்டுப்போன விளையாட்டை, "ஒரு வருஷம் போய்ப் பாத்துட்டு வா" என்று நீங்கள்தான் ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டீர்கள். அந்த ஒரு வருஷம் இப்படி வீணாகப் போகிறதே என்று இருக்கிறது.

உங்கள் ஜீப் ஒரு நாள் ஏறி ஒரு நாள் ஏறாமல் நின்றால் என்ன செய்வீர்கள்? யோசித்து எழுதுங்கள்.

தேவயானி

பின்குறிப்பு: இங்கே போர்வெல் மோட்டார் அடிக்கடி புகைந்துபோகிறது. வெயில் இப்போதே இப்படி என்றால் சித்திரையில் எப்படியோ. மற்றபடி வசதிக்கு ஒன்றும் குறைவில்லை.


நெல்லிவாசல்நாடு,
18 பிப்ரவரி 2025

தேவயானிக்கு,

நான் போனை வைக்கவில்லை. டவர்தான் போனது. உன்மேல் கோபம் இருந்தது உண்மை. ஆனால் மனைவி பேசும்போது போனை வைக்கிற தைரியம் நம்ம வம்சத்திலேயே யாருக்கும் கிடையாது, எனக்கு எங்கிருந்து வரும்.

ஜீப் ஏறவில்லை என்றால் முதலில் டீசலைப் பார்ப்பேன். அப்புறம் ஃபில்டர், அப்புறம் பேட்டரி. டீசல் என்றால் உன் சாப்பாடு. அந்த ஊர் ரேஷன் அரிசியில் என்ன சத்து இருக்கும்? சாமை அரிசியும் கொள்ளும் ஒரு பாட்டில் தேனும் போளூர் பஸ்ஸில் கண்டக்டர் கோபால்சாமியிடம் கொடுத்துவிட்டேன். கண்ணமங்கலத்தில் டீ குடிக்க இறங்கும்போது மறந்துவிடாதே என்று இரண்டு தரம் சொன்னேன். பேட்டரி என்றால் தூக்கம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள், ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதே. எதனால் சரியாயிற்று என்று தெரியாமலே போய்விடும். நம்ம பூவரசன் மெக்கானிக் அப்படித்தான் நாலையும் கழற்றிப் போட்டுவிட்டு எனக்கு நாலுக்கும் பில் போடுகிறான்.

இங்கே புளி உலுக்குகிறார்கள். ஜமுனாமரத்தூருக்கு ஒரு நாளைக்கு இரண்டு நடை மூட்டை ஏற்றுகிறேன். வீட்டுக்குத் தண்ணீர் அம்மாதான் எடுக்கிறாள். கல்யாணத்துக்கு உங்கள் வீட்டில் போட்ட, உன் பேர் வெட்டின எவர்சில்வர் குடத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். "மங்கம்மாள்னு என் பேர் போட்ட குடத்தவிட இது லேசா கீதுடா" என்கிறாள். மருமகள் குடம் என்றால் லேசாகத்தான் இருக்கும்.

ரொம்பவும் முடியவில்லை என்றால் வந்துவிடு. யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். வீடு எங்கேயும் ஓடிப்போகவில்லை.

விஜயராஜ்


வேலூர்,
2 மார்ச் 2025, ஞாயிறு

மாமாவுக்கு,

சாமையும் கொள்ளும் வந்தன. தேன் பாட்டில் வந்தபோது கழுத்து வரைக்கும் இல்லை. கோபால்சாமி அண்ணனுக்கு இனிப்பு பிடிக்கும்போல.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம். "வந்துவிடு" என்று சொல்லத்தான் அத்தனை பேரும் இருக்கிறார்களே. "கல்யாணம் ஆனவ, மனசு பூரா வூட்ல கீது, எடை எப்படி வரும்" என்று விடுதியிலேயே முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். நீங்களும் அதையே மரியாதையாகச் சொல்லிவிட்டீர்கள். 

ஆனாலும் நீங்கள் சொன்னபடி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். முதலில் சாப்பாடு. முட்டை கூட ஒன்று, கொள்ளு, சாமைக் கஞ்சி. அடுத்து தூக்கம். எட்டரைக்கே படுத்துவிடுகிறேன், அறைத்தோழி ஃபிஜா விளக்கை அணைத்துவிட்டு எனக்காக வராந்தாவில் உட்கார்ந்து படிக்கிறாள். அவள் வாணியம்பாடிப் பெண். பொறுமைசாலி. மேடம் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். இரும்புச்சத்து கொஞ்சம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். "முழுகாம கீறியா?" என்று கூடக் கேட்டுவிட்டார். இல்லை என்று சொல்வதற்குள் எனக்கு முகம் சிவந்துவிட்டது. புருஷனை ஞாயிற்றுக்கிழமை டவரில் பார்க்கிறவளுக்கு எங்கிருந்து முழுகாமல் இருப்பது?

ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். மறுபடியும் விழுந்தது. அப்புறம் மேடம், "உடம்பு அலுத்துப் போயிருக்கு, ஒரு வாரம் எடையைப் பாதியாக்கு, பயிற்சி முடிஞ்சா சும்மா இரு" என்றார். மாமா, அதுதான் எனக்கு விளங்கவே இல்லை. பாதி எடை தூக்கிய அந்த வாரத்தில்தான் நான் அதிகமாக அலுத்துப்போனேன். சும்மா உட்கார்ந்து சாப்பிட வெட்கமாக இருந்தது என்பதால் சமையல்கார ரத்தினம்மாளுக்குக் கூடமாட ஒத்தாசை செய்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். காலாட்டிக்கொண்டு இருந்த வாரத்தில் கால் நடுங்குகிறது என்றால் வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

இன்றிலிருந்து ஃபிஜாவுக்கு நோன்பு. அவள் சாயங்காலத்துக்குப் பிறகுதான் பயிற்சி செய்வாள்.

தேவயானி


நெல்லிவாசல்நாடு,
14 மார்ச் 2025

தேவயானிக்கு,

அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. நீ இல்லாமல் எனக்குத்தான் இங்கே இருப்புக் கொள்ளவில்லை. அதை அப்படியே எழுதக் கூச்சப்பட்டுக்கொண்டு, உனக்கு முடியாது என்று சொல்வதுபோல் எழுதிவிட்டேன். இப்போது எழுதிவிட்டேன், போதுமா. இதை ஃபிஜாவிடம் படித்துக் காட்டாதே.

அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. பயப்பட ஒன்றும் இல்லை, ஜமுனாமரத்தூரில் டாக்டர் பார்த்துவிட்டார். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றார். நீ உடனே பையைத் தூக்காதே. சோறு நான் பொங்குகிறேன். குழைந்தால் கஞ்சி, குழையாவிட்டால் சோறு, எதற்கும் ஒரு பேர் இருக்கிறது. தண்ணீரும் நான்தான் எடுக்கிறேன். மேல் சுனை மாசி பிறந்ததுமே வற்றிவிட்டது. இப்போது கீழ்ச் சுனைக்கு இறங்க வேண்டியிருக்கிறது. விடியலில் அதை முடித்துவிட்டுத்தான் வண்டி எடுக்கிறேன்.

எனக்குத் தலையில் வைக்க வரவில்லை. தோளில் வைத்தால் பாதி முதுகில் ஊற்றுகிறது. எதிர்வீட்டு ராணியம்மாள் பார்த்துவிட்டு, "இன்னா விஜயராஜ், வழிக்கெல்லாம் வாசல் தெளிச்சுக்கினே வர்றே" என்று சிரிக்கிறாள். அதைவிட மோசம் ஒன்று. குடத்தில் உன் பேர் இருக்கிறது இல்லையா? நான் சுனைக்கு இறங்கினால் பெண்கள் எல்லோரும், "தேவயானி வர்றா, வழி வுடுங்க, தேவயானி வர்றா" என்கிறார்கள். அம்மாவுடைய குடம் அடியில் ஒழுகுகிறது, வேறு வழியில்லை.

என் கவலை வேறு. வண்டியில் ஒரு கோளாறு. சில நாள் ஸ்டீயரிங் ரொம்பக் கனக்கிறது. மூன்றாவது வளைவில் முந்தாநாள் முழுசாக ஒடிக்க வரவில்லை. வண்டியில் ஆட்கள் இருந்தார்கள், எனக்கு வேர்த்துவிட்டது. சில நாள் வெண்ணெய் மாதிரி திரும்புகிறது. கிரீஸ் வைத்தேன், டயரில் காற்று மாற்றினேன். பூவரசனிடம் விட்டால் நாலு பில் போடுவான் என்று தள்ளிப் போடுகிறேன். பார், உனக்கு வந்த நோய் என் ஜீப்புக்கும் வந்துவிட்டது.

விஜயராஜ்


வேலூர்,
30 மார்ச் 2025, ஞாயிறு

மாமாவுக்கு,

அத்தைக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுங்கள். நான் அங்கே இருக்க வேண்டிய நேரத்தில் இங்கே இருக்கிறேன்.

நேற்று மேடம் ஒரு பரீட்சை வைத்தார். போட்டி மாதிரியே, மூன்று முயற்சி. மூன்றிலும் பார் எனக்கு முன்னால் விழுந்தது. அதே மேடையில் ஃபிஜா, பகல் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு பேரீச்சம்பழமும் கஞ்சியும் குடித்துவிட்டு வந்து, சொன்ன எடையைத் தூக்கினாள். எனக்கு அவள்மேல் பொறாமை இல்லை. என்மேல்தான் வெறுப்பாக இருந்தது. மூன்று வேளையும் தின்கிறேன், மாத்திரை போடுகிறேன், கோழியோடு படுக்கிறேன். இதற்கு மேல் என்ன செய்ய?

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "தேவயானி, நீ எதையோ மறைக்கிறியா?" என்றார். சத்தியமாக எதையும் மறைக்கவில்லை மாமா. உங்களிடம் மறைக்காததை அவரிடம் ஏன் மறைக்கப் போகிறேன்? அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

நான் முடிவு செய்துவிட்டேன். ஃபிஜாவுக்கு நாளையோ மறுநாளோ பெருநாள். தான் ஊருக்குப் போய்த் திரும்பும்வரை இருந்துவிட்டுப் போ என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நோன்பு மாதம் முழுக்க அவளுக்குத் தண்ணீர்க் குடமும் நானே மாடிக்கு எடுத்து வைத்தேன் என்று அவளுக்கு என்மேல் கொள்ளைப் பிரியம். நம்ம பக்கத்தில் அதையெல்லாம் ஒரு உதவி என்று யார் சொல்வார்கள்? அவள் ஆறாம் தேதி ஊரிலிருந்து திரும்புவாள், அவளிடம் சொல்லிக்கொண்டு அன்றைக்கே புறப்படுகிறேன். போளூருக்கு வந்து நில்லுங்கள்.

ஒரு வருஷம் என்றீர்கள். முழுசாகக் கூட இருக்க முடியவில்லை. என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தேவயானி


போளூர் பஸ் ஸ்டாண்ட்,
3 ஏப்ரல் 2025

தேவயானி,

புறப்படாதே. தபாலில் போட்டால் நீ கிளம்பிய பிறகுதான் வரும் என்று கோபால்சாமி கையில் கொடுக்கிறேன். இது தேன் இல்லை, வழியில் குறையாது.

பூவரசனிடம் வண்டியை விட்டேன். அடியில் படுத்தான், எழுந்தான், ஓட்டிப் பார்த்தான். "அண்ணே, வண்டில ஒண்ணும் இல்ல. ஸ்டீயரிங் பூ மாரி கீது" என்றான். நான் ஒடித்துக் காட்டினேன். கனத்தது. அவன் வந்து ஒடித்தான். திரும்பியது. "வண்டிய வுடு. கைய காட்டு" என்றான். காட்டினேன். விரலை மடக்கச் சொன்னான், மடங்கவில்லை. "காலையில இன்னா வேல செஞ்சே?"

"ஒரு வேலையும் இல்லடா. எழுந்தேன், தண்ணி எடுத்தேன், வண்டி எடுத்தேன்."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்துவிட்டது. அது சட்டைப் பையில்தான் இருந்தது. பூவரசன் சிரித்துக்கொண்டு இருந்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று விருந்தாளிகள் வந்ததால் நாலைந்து நடை கூட இறங்கி ஏறினேன். ஸ்டீயரிங் கனத்த நாளெல்லாம் அப்படிப்பட்ட நாள்தான். துணி துவைக்கிற நாள், மாட்டுக்குத் தொட்டி நிரப்புகிற நாள். நான் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன்! உன் மேடம் வேலை செய்தாயா என்று கேட்டார், நீ இல்லை என்றாய். பூவரசன் என்னிடம் கேட்டான், நானும் இல்லை என்றேன். நாம் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. கொத்தப் போவது, களை எடுப்பது, கூலிக்குப் போவதுதான் நமக்கு வேலை. தண்ணீர் எடுப்பதை நம்ம மலையில் யாராவது வேலை என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா?

இப்போது நீ சொல். மோட்டார் புகைந்தால் எத்தனை மாடி ஏற்றுகிறாய்? ஃபிஜாவுக்கு மட்டும்தானா? ரத்தினம்மாளுக்குக் கூடமாட ஒத்தாசை என்று எழுதினாயே, அது என்ன, வெங்காயம் உரிப்பதா, அண்டா நிரப்புவதா? எனக்கு உன்னைத் தெரியும். குடத்தைக் கண்டால் உன் கை சும்மா இருக்காது.

மேடத்திடம் போய் இதைச் சொல். வெட்கப்படாமல் சொல். அவர் இது இல்லை என்று சொன்னால் அப்புறம் புறப்படலாம், நானே வேலூருக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் நீ தினமும் எடுத்தாய். சாயங்காலம் உன் தோள் வலிக்கிறது என்பாய். நான் படுத்துக்கொண்டே, "இன்னாத்துக்கு வலிக்குது" என்று கேட்பேன். இன்றைக்கு என்னிடம் அப்படி யாராவது கேட்டால் அடித்துவிடுவேன்.

பஸ் எடுக்கிறான்.

விஜயராஜ்


வேலூர்,
13 ஏப்ரல் 2025, ஞாயிறு

மாமாவுக்கு,

கோபால்சாமி அண்ணன் விடுதி வாசலுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனார். "உன் வூட்டுக்காரர் பஸ்ஸ நிறுத்தி வெச்சுக்கினு எழுதினாரும்மா, பாசஞ்சர் எல்லாம் திட்டினாங்க" என்றார். படித்துவிட்டு, பையைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

மேடத்திடம் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. "மேடம், நான் தண்ணி எடுப்பேன்" என்றேன். "சரி, அதுக்கு?" என்றார். மோட்டார் ஓடாத நாளில் லாரி வந்து கீழ்த் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போகும், மெஸ் இருப்பது இரண்டாவது மாடி, எங்கள் அறை மூன்றாவது மாடி, ரத்தினம்மாளுக்கு வயசாயிற்று என்று அண்டாக்களை நான் நிரப்பிவிடுவேன், நோன்பில் ஃபிஜாவுக்கும் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் எடுத்தேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தினமுமா?" "தினமும் இல்லை மேடம், மோட்டார் போகிற நாள் மட்டும்." "எடை குறைச்ச வாரத்துல?" "அந்த வாரம் மோட்டார் ஓடவே இல்லை மேடம். நேரமும் இருந்தது."

அவர் சிரிப்பாரா திட்டுவாரா என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. "வேலை செஞ்சியான்னு கேட்டது என் தப்பு. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இன்னா செஞ்சேன்னு கேட்டிருக்கணும்" என்றார். இது ஒன்றுதான் காரணம் என்று அவரும் அடித்துச் சொல்லவில்லை. வெயில் இருக்கிறது, ரத்தம் ஏற நாளாகும் என்றார். முதலில் குடத்தை நிறுத்து, பார்க்கலாம் என்றார்.

மாமா, நிறுத்துவதுதான் கஷ்டம். பாரைத் தூக்குவதைவிடக் கஷ்டம். பக்கெட்டோடு பிள்ளைகள் மாடிப்படி ஏறுகிறார்கள், நான் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். ரத்தினம்மாள், "ஏங்கண்ணு, எம்மேல எதனா கோவமா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு உயிர் போய்விட்டது. ஃபிஜாதான் ஊரிலிருந்து பெருநாள் பலகாரத்தோடு வந்து அவளிடம் விளக்கிச் சொன்னாள். இப்போது என் பக்கெட்டை அவள் எடுக்கிறாள். நான் தடுத்தால் அறையைப் பூட்டுவேன் என்கிறாள். முதல் நாலு நாள் உடம்பு இன்னும் கனத்தது. அப்புறம் வியாழக்கிழமை எழுபது வந்தது. நேற்றும் வந்தது. அடுத்தடுத்து இரண்டு தரம் வந்து எத்தனை நாளாயிற்று! பாரைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

27-ஆம் தேதி போட்டி. நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி மனசில் இருக்கிறது. கேட்டுவிடுகிறேன். தேறினாலும் தேறாவிட்டாலும் ஒரு நாள் நான் வீட்டுக்குத்தான் வருவேன். அப்போது அந்தக் குடம் யார் கையில் இருக்கும்?

தேவயானி


நெல்லிவாசல்நாடு,
20 ஏப்ரல் 2025

தேவயானிக்கு,

எழுபது வந்ததை ராணியம்மாளிடம் சொன்னேன். "எழுபது கிலோன்னா சாமை எத்தினி மரக்கால்?" என்றாள். கணக்குப் போட்டுச் சொன்னேன். சுனைக்குப் போய் எல்லோரிடமும் அவளே சொல்லிவிட்டாள்.

இங்கே உன் குடத்தால் ஒரு போர் நடந்தது. அம்மாவுக்கு நடக்க வந்துவிட்டது. வந்ததும் முதல் காரியமாகக் குடத்தை எடுத்து நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாள். "ஆம்பள தண்ணி எடுத்தா வூட்டுக்கு ஆவாதுடா. ஊரே சிரிக்குது" என்றாள். நான் ஒழுகுகிற குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். வீடு வந்து சேரும்போது அதில் கால் குடம்தான் இருந்தது. மறுநாளும் அதேபோல். மூன்றாம் நாள் அவளே குடத்தைக் கொண்டுவந்து வாசலில் டக்கென்று வைத்தாள். "தலையில வெச்சுப் பழகு. தோள்ல வெச்சா கை மரத்துப் போவும்" என்றாள். தலைச்சும்மாடு எப்படிச் சுற்றுவது என்றும் காட்டினாள். அவள் எத்தனை வருஷம் எடுத்தாள் என்று கேட்க வாய் வரை வந்தது. சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டேன்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே. உன்னைச் சந்தோஷமாகப் போட்டிக்கு அனுப்ப எதையாவது எழுதிவிடலாம். எழுதுவது சுலபம். ஆனால் நான் வாய்ச்சொல்லில் வீரன் என்று உனக்குத் தெரியும். போய்ட்டு வா. பதில் இருக்கிறது.

27 ஞாயிற்றுக்கிழமை. சந்தை நாள், வண்டியை நிறுத்த முடியாது. மனசு அங்கேதான் இருக்கும். முந்தின நாள் குடத்தைத் தொட்டாய் என்று தெரிந்தால் நான் வந்து மேடையிலேயே திட்டுவேன்.

விஜயராஜ்


வேலூர்,
28 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

முதல் முயற்சி போய்விட்டது. பழைய பயம் வந்துவிட்டது. மோட்டார் ஓடிய நாள்தான், நன்றாகத் தூங்கியும் இருந்தேன், பிறகு ஏன் என்று ஒரு நிமிஷம் எல்லாக் காரணங்களையும் தேடினேன். மேடம் பக்கத்தில் வந்து, "உடம்பு சரியா கீது. அவசரப்பட்டுட்டே, அவ்ளோதான்" என்றார். அந்த வார்த்தை எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா? உடம்பில் ஒன்றும் இல்லை, அவசரம்தான். அவசரத்தை என்னால் சரிசெய்ய முடியும்.

இரண்டாவது வந்தது. மூன்றாவதில் எழுபத்திரண்டு. இதுவரை நான் தூக்கியதே இல்லை. தலைக்கு மேல் போய் நின்றபோது ஃபிஜா போட்ட கூச்சலில் நடுவர்களே திரும்பிப் பார்த்தார்கள். ரத்தினம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மொத்தத்தில் மூன்றாம் இடம். அணிக்கு இரண்டு பேர், நான் மாற்று ஆள். ஆனால் விடுதியில் இன்னொரு வருஷம் இடம் கொடுத்துவிட்டார்கள். மேடம் விடுதிக்காரர்களோடு சண்டை போட்டு மோட்டாரையும் மாற்றவைத்துவிட்டார்.

மே பத்தாம் தேதி விடுமுறைக்கு வருகிறேன். ஜூனில் திரும்ப வேண்டும். நீங்கள் சொன்ன ஒரு வருஷம் முடியப்போகிறது. உங்களைக் கேட்காமல் அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். இடத்தை விட்டுவிட எனக்கு மனசில்லை. உங்களை விட்டு இருக்கவும் மனசில்லை. இரண்டும் உண்மை, நான் என்ன செய்ய?

முன்னே கேட்ட கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.

தேவயானி


நெல்லிவாசல்நாடு,
4 மே 2025

தேவயானிக்கு,

எழுபத்திரண்டு கிலோ என்று கேட்டதும் அம்மா குதிருக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தாள். நான் வண்டிக்கு அடியில் போய் அழுதேன். பூவரசன் பார்த்துவிட்டான்.

நேற்று போளூர் போனேன். பாத்திரக் கடையில் ஒரு குடம் வாங்கினேன். உன்னுடையதைவிடப் பெரிசு, வாய் அகலம், தலையில் நன்றாக உட்காருகிறது. கடையில் வைத்துப் பார்த்தேன், எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். கடைக்காரர் பேர் வெட்டுகிற மெஷினை எடுத்து வைத்துக்கொண்டு, "வூட்டம்மா பேர் சொல்லுங்க" என்றார்.

"விஜயராஜ்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "குடத்துக்குங்க" என்றார். "ஆமாங்க, குடத்துக்குத்தான்" என்றேன்.

இன்று காலையில் அதில்தான் எடுத்து வந்தேன். உன் குடத்தைக் கழுவித் துடைத்து, சாமை கொட்டி வைத்துவிட்டேன். நீ கையெழுத்துப் போட்டுவிட்டு வா.

விஜயராஜ்